மெழுகு தடவிய நூல்

அத்தியாயம் பதினேழு

ராஜரத்தினம் வீட்டு ரகசியம் உங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. இந்தச் சனிக்கிழமை காலை வரைக்கும் தெரியாது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஊர் காஜா பேராங்கில் லாவணி பாடும் இளவட்டங்களில் இப்போது கொடிகட்டிப் பறப்பவன் பொன்னுதுரை. இருபத்து மூன்று வயது. ஆற்றங்கரைக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். லாவணி என்றால் எதிராளியின் கேள்விக்குச் சபையில் நின்றபடியே பாட்டுக் கட்டிப் பதில் சொல்ல வேண்டும். பொன்னுதுரை மடைதிறந்த மாதிரி சொல்கிறான். ஆனால் அதில் ஒரு பாட்டுகூட அவன் கட்டியதில்லை. எதிராளி எதைக் கேட்பான் என்று முன்கூட்டியே யோசித்து, இருபது முப்பது பதில்களைக் கட்டி, தம்பியின் வாயில் ஏற்றி அனுப்புகிறவள் அவன் அக்கா சந்திரமதி.

காகிதத்தில் எழுதுவதில்லை. எல்லாம் வாய்ப்பாடம்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய பாட்டு நோட்டை அடுப்பில் போட்டவர் அப்பா ராஜரத்தினம். பெண்பிள்ளை சபைப் பாட்டுக் கட்டினால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்பது அவர் கட்சி. அதே மனுஷர்தான் இன்று மகன் பாடக் கேட்டு மீசையை முறுக்குகிறார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

காமன் பண்டிகை வந்துவிட்டது. திடலில் மூங்கில் மேடை போட்டாயிற்று. பொழுது சாய்ந்ததும் காஜா பேராங் பொன்னுதுரைக்கும் பக்கத்துப் பேட்டையான தெங்கேராவின் கருணாகரனுக்கும் போட்டி. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததில் காமன் எரிந்தே போனான் என்று வாதாடுவது எரிந்த கட்சி, அது கருணாகரன். அவன் எரியவில்லை என்பது எரியாத கட்சி. அது நம் பையன்.

தோற்றவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேள்வி போட்டதும் டேப்பை ஏழு சுற்று அடிப்பார்கள். டேப் என்பது லாவணிக்காரன் கையில் இருக்கும் ஒருபக்கத் தோல் வாத்தியம். ஏழு சுற்றுக்குள் பதில் வராவிட்டால், தோற்றவன் தன் டேப்பை மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்க வேண்டும். அதன் பிறகு இந்த ஊரில் அவன் வாய் திறக்கக் கூடாது. போன வருஷம் உஜோங் பாசிர் சேதுபதி கவிழ்த்து வைத்தான். மறுநாள் காலை மூவார் பஸ் ஏறினவன் இன்னும் திரும்பவில்லை.

பொன்னுதுரையின் டேப் கவிழ்ந்தால் சந்திரமதியின் பாட்டும் அதோடு சரி. இருபத்தாறு வயதில் அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். அவளுக்கு வேறு வாய் கிடையாது.

*

காலையில் வழக்கம்போல் அவள் பாக்கியத்தின் பலகாரக் கடைக்குப் போனாள். பாக்கியம் செட்டிக் குடும்பத்துப் பெண். செட்டி மக்கள் கும்பிடுகிற சாமி நம் சாமிதான். வீட்டில் பேசுவது மலாய். கடையின் பின்கட்டில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பதால் இரண்டு பெண்களும் அங்கே உட்கார்ந்து, தெங்கேராவில் பாபா என்கிற சீன வம்சத்துக் குடும்பங்களின் கல்யாணங்களுக்கு மணிச்செருப்பு தைப்பார்கள். கடுகைவிடச் சின்ன மணிகள். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மெழுகு தடவிய நூலில் ஒவ்வொன்றாகக் கோத்துத் தைக்க வேண்டும். ஒரு ஜோடி முடிய இரண்டு மாதம் ஆகும்.

வெளிச்சம் மட்டுமே காரணம் என்று பாக்கியம் நினைத்துக்கொண்டிருந்தாள். கடையின் முன்பக்கப் பெஞ்சில்தான் ஊர் ரசிகர்கள் கூடுவார்கள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தான் கட்டிய பாட்டை யார் யாரோ சிலாகிப்பதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டே மணி கோக்கிற சுகம் இருக்கிறதே, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கும் பெஞ்சு நிறைந்திருந்தது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிற வருஷமில்லையா, பேச்சில் சூடு கூடுதலாகவே இருந்தது. ஆகஸ்டில் கொடி மாறும் நாளில் ஊர்த் திடலில் பாட ஒரு தமிழ்ப் பையனை எடுக்கப்போகிறார்கள் என்று ஒருவர் ஆரம்பித்தார். அதை யார் சொன்னது என்று இன்னொருவர் மடக்கினார். அப்புறம் ஒவ்வொரு பையனாகப் பிரித்து மேய்ந்தார்கள். புக்கிட் பாருவில் ஒருவன் தலையெடுக்கிறானாம். குரல் சரி, ஆனால் பழைய சரக்கையே திருப்பிப் போடுகிறானாம். இன்னொருவனுக்குத் தாளம் இரும்பாம். வாயைத் திறந்தால்தான் வண்டி ஓடவில்லையாம். எல்லோரும் சிரித்தார்கள்.

"நம்ம துரை மூச்சை எங்கடா வாங்குறான்? முப்பது அடி, ஒரே இழுப்பு. விரல் விட்டு எண்ணினேன்லா" என்றார் முடிதிருத்தும் சேதுராமன்.

பொன்னுதுரையின் ரசிகர்களில் தலையானவர் அவர். அவன் பாடிய அத்தனை பாட்டையும் ஒரு நீலநிற நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

"வேகம் வேற, விஷம் வேறண்ணே" என்றான் ஒருவன். "கருணாகரனுக்கு வேகம் கெடையாது. மெதுவாத்தான் வருவான். ஆனா எதிராளி வீட்டு அடுப்படி வரைக்கும் வருவான். சேதுபதியோட அம்மா கதையைச் சபையில இழுத்தது யாரு?"

பெஞ்சு கொஞ்சம் அடங்கியது. சேதுராமனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நோட்டைப் பிரித்து, தைப்பூசத்தன்று பொன்னுதுரை பாடி ஊரையே எழுந்து நிற்கவைத்த பதிலைச் சத்தம் போட்டு வாசித்தார்.

'தப்பி விழுந்த மணியை நசுக்கித் தள்ளினால் என்ன – அதைத்
தாங்கி நின்ற நூலு கொஞ்சம் தளர்ந்ததும் உண்டோ?
மெழுகு போட்ட இழையறியும் மேனியின் பொய்யை – காமன்
மேனிதானே எரிஞ்சுபோச்சு, அவன் எரிஞ்சதும் உண்டோ?'

சந்திரமதிக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் கட்டியதிலேயே அவளுக்குப் பிடித்தது அதுதான்.

அந்த நேரம் பார்த்துத்தானா பாக்கியம் கோப்பித் தட்டோடு முன்பக்கம் போக வேண்டும்! தமிழ் அரைகுறையாகப் புரியும் அவளுக்கு. மணி, நூல், மெழுகு என்று காதில் விழுந்ததும் நின்று, முழுதாக விளக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு மலாயில் கலகலவென்று சிரித்தாள். மூட்டை தூக்குகிறவனுக்கு இது எப்படித் தெரியும் என்றாள். தப்பான நிறத்து மணி விழுந்துவிட்டால் நாங்கள் நூலை அறுப்பதில்லை. குறட்டால் மணியை மட்டும் நசுக்கி உதிர்ப்போம், நூல் அப்படியே நிற்கும். சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து முதுகு வளைந்தவளுக்குத்தான் அது தெரியும், எந்த ஆம்பிளைக்குத் தெரியும் என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு பொல்லாப்பும் இல்லை. பெஞ்சில் இருந்தவர்கள்கூட, "பாத்தியா, நம்ம ஆளு எதையெல்லாம் கவனிக்கிறான்" என்று பெருமைதான் பட்டார்கள்.

ஓரத்தில் தனியாக உட்கார்ந்து கறுப்புக் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருவன் மட்டும் பெருமைப்படவில்லை. அந்தப் பாட்டை இன்னொரு தரம் வாசியுங்கள் என்று மரியாதையாகக் கேட்டான். சேதுராமனும் ஆசையாக வாசித்தார். அப்புறம் அவன் பாக்கியத்திடம் மலாயில், இந்த வேலை நீங்கள் ஒருவர்தான் செய்கிறீர்களா என்று விசாரித்தான். இல்லை, பின்னால் ஒரு பெண் இருக்கிறாள், அந்தப் பாட்டுக்காரனின் அக்காதான் என்றாள் பாக்கியம்.

சந்திரமதி பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். முகம் தெரியவில்லை. கோப்பிக் கோப்பையைப் பிடித்திருந்த கை தெரிந்தது. மோதிர விரல் நுனியில் தடித்த காய்ப்பு. டேப் அடிக்கிறவனுக்குத்தான் அந்த இடத்தில் காய்க்கும். தம்பி விரலில் அவள் பார்த்திருக்கிறாள். அவன் எழுந்து சைக்கிளை எடுத்தான். தெங்கேரா போகிற பக்கமாகத் திருப்பினான்.

அவள் இடுக்கிலிருந்து கண்ணை எடுத்தாள். அன்று மார்கழியில் அந்த அடியைக் கட்டும்போதே தம்பி கேட்டான், மெழுகு எதுக்கு அக்கா என்று. பேசாமல் பாடுடா என்று அடக்கியவள் அவள்தான். பாட்டு நன்றாக வந்துவிட்ட கிறுக்கில், அது யார் வாயிலிருந்து வரப்போகிறது என்பதையே மறந்துவிட்டிருந்தாள்.

*

வீட்டில் ராஜரத்தினம் மகனுடைய ஜிப்பாவுக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நகரசபை ரோடு வேலையில் முப்பது ஆளை மேய்க்கிற மண்டோர் அவர். பொன்னுதுரைக்குப் பார்த்திருக்கிற பெண் கமலவேணியின் அப்பா சாயந்திரம் பாட்டுக் கேட்க வருகிறாராம். பையன் ஜெயித்தால் நாளைக்கே நிச்சயம் பேசிவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாராம். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

சந்திரமதி சமையலறைப் பக்கமாகத் தம்பியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். பொன்னுதுரை கருப்பட்டி வெந்நீரில் தொண்டையை நனைத்துக்கொண்டே அலட்சியமாகக் கேட்டான்.

"எவனோ ஒருத்தன் கோப்பி குடிச்சான். அதுக்கு ஏன் இந்த ஆட்டம்?"

"அவன் என்னைப் பத்திக் கேட்டான், துரை."

"கேக்கட்டும். பாடுறது நான்தானே? நீ அடி எடுத்துக் குடுக்கிற, சரி. அதுக்கு உயிர் குடுக்கிறது யாரு?"

அவளுக்குச் சுருக்கென்றது. முன்னெல்லாம் அவன் இப்படிப் பேசினதில்லை. ஒரு வருஷமாக ஊர் தோளில் தூக்கி ஆடியதில் பையனுக்கே எது யாருடையது என்று மறந்துபோயிருந்தது. பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஆள் வந்தது.

தெங்கேராவிலிருந்து வெற்றிலைத் தட்டு. போட்டியன்று எதிராளி வீட்டுக்குத் தாம்பூலம் அனுப்புவது லாவணிக்காரர்களின் மரியாதை. போன வருஷங்களில் தட்டோடு கூடவே நையாண்டியும் வரும். தட்டு கொண்டுவந்தவன் வாசலில் நின்று நாலு வார்த்தை வம்பிழுத்துவிட்டுத்தான் போவான். இன்றைக்கு வந்தவன் தலைகுனிந்து வைத்துவிட்டு ஒரு சொல் பேசாமல் போய்விட்டான்.

வெற்றிலை, பாக்கு, இரண்டு எலுமிச்சம்பழம். நடுவில், பழுப்பாக, நெல்லிக்காய் அளவில் ஒரு உருண்டை.

ராஜரத்தினம் அதை எடுத்து மோந்து பார்த்தார். "தேன் வாசம் அடிக்குது. தொண்டைக்கு மருந்து போல. கருணாகரன் பரவாயில்லப்பா, நல்ல மனுஷன்" என்றார்.

தேன்மெழுகு. சந்திரமதியின் தையல் பெட்டியில் இருப்பதும் அதேதான். அவள் தம்பியைப் பார்த்தாள். பொன்னுதுரை அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கும் புரிந்துவிட்டது.

அப்பா குளிக்கப் போனதும் அவள் மடமடவென்று வேலையைத் தொடங்கினாள். ஊசி எத்தனை மெல்லியது, மெழுகு எதற்கு, சட்டத்தில் துணியை எப்படி இழுப்பது, முதல் வரிசை எங்கே தொடங்கும் என்று மணிவேலையில் எதைக் கேட்டாலும் சொல்ல அவனுக்குப் பாடம் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஈரடி பதில் கட்டினாள். பன்னிரண்டு பதில்கள். அவன் சின்னப்பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னான்.

புறப்படும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, நீ இன்னிக்கு அங்க வராதே."

"ஏண்டா?"

"வராதேன்னா வராதே."

பயத்தில் சொன்னானா, பாசத்தில் சொன்னானா, அதிகாரத்தில் சொன்னானா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. போகத்தான் போனாள். தன் பாட்டு பாடப்படுகிற இடத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியாது.

*

சூரியன் கடலில் இறங்கியதும் திடலில் காஸ் விளக்குகளை ஏற்றினார்கள். போன வருஷம் சோடா பாட்டில் பறந்ததால் இந்த வருஷம் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். அவர்களுக்கு வேலை இருக்காது போலிருந்தது. தெங்கேராக் கூட்டம் சீட்டி அடிக்கவில்லை, கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த அமைதிதான் சந்திரமதிக்குப் பிடிக்கவில்லை. கயிறு கட்டிப் பிரித்திருந்த பெண்கள் பக்கத்தில், பாக்கியத்தின் தோளை ஒட்டி அவள் உட்கார்ந்தாள்.

மேடையில் கருணாகரனுக்குப் பின்னால் பின்பாட்டுக்கு நின்றவன் யார் என்று பார்த்தாள். கை விரலைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. காலையில் கடைப் பெஞ்சில் இருந்த அதே சட்டை.

முதல் ஐந்து கேள்வியும் பழைய கேள்விகள். பொன்னுதுரை பிளந்து கட்டினான். சேதுராமன் எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார். முன்வரிசையில் கமலவேணியின் அப்பா தலையாட்டினார். ராஜரத்தினத்தின் கை தானாக மீசைக்குப் போனது. ஒருவேளை தப்பித்துவிட்டோமோ என்று சந்திரமதிகூட மூச்சு விட்டாள்.

ஆறாவதாகக் கருணாகரன் முன்னால் வந்தான். ஒல்லியான, சாந்தமான முகம். சபையைக் கும்பிட்டான். தம்பி தைப்பூசத்தன்று பாடிய மணிப்பாட்டைப் போல ஒன்றை இந்த ஊரில் இதுவரை யாரும் பாடியதில்லை என்றான். முகஸ்துதி இல்லை, உண்மை என்றான். கூட்டம் கைதட்டியது. சந்திரமதியின் கை தட்டவில்லை. அவள் மனசுக்குள் பன்னிரண்டு பதில்களையும் ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள்.

அவன் மணியைப் பற்றிக் கேட்கவே இல்லை. மெதுவாக, தாலாட்டுகிற மாதிரி இரண்டே அடி பாடினான்.

'கோத்த விரல் ஒருபக்கம், குரல் ஒருபக்கம் – சபை
கூடி நிற்கக் கேட்கிறேன், அந்த விரலுக்கு வாய் இல்லையோ?'

பாடிவிட்டுப் பொன்னுதுரையைப் பார்க்கவில்லை. கயிற்றுக்கு இந்தப்பக்கம், பெண்கள் இருந்த பக்கமாகத் திரும்பி நின்றான்.

முதல் சுற்று டேப் முழங்கியது.

கூட்டத்துக்கு உடனே புரியவில்லை. இரண்டாவது சுற்றில் யாரோ யாரிடமோ குசுகுசுத்தார்கள். மூன்றாவதில் பாக்கியத்தின் கை சந்திரமதியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. காலையில் தான் சிரித்துச் சொன்னது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சேதுராமன் சுழற்றின துண்டோடு அப்படியே நின்றார்.

பொன்னுதுரை வாயைத் திறந்தான். மூடினான். ஊசியைப் பற்றிப் பதில் இருந்தது அவனிடம். மெழுகைப் பற்றி இருந்தது. இதற்கு இல்லை. முப்பது அடியை ஒரே மூச்சில் பாடுகிறவனுக்கு ஒரு அடி வரவில்லை.

நான்காவது சுற்று.

சந்திரமதிக்கு வந்துவிட்டது. கேள்வி முடிந்த கணமே ஈரடியும் மோனையோடு வந்து தொண்டையில் நின்றது. அவள் இதுவரை கட்டிய எதையும்விட நல்ல அடிகள். பாடினால் தம்பி இத்தனை நாள் பாடியது பொய் என்று தானே ஊருக்குச் சொன்னதாகும். கமலவேணி போவாள், அப்பா தலையைத் தூக்க மாட்டார். பாடாவிட்டால் டேப் கவிழும். அப்புறம் இந்த ஜென்மத்தில் அவள் கட்டுகிற எதுவும் யார் காதிலும் விழாது.

ஐந்தாவது சுற்றில் ராஜரத்தினம் மேடையிலிருந்து கண்ணை எடுத்தார். மகனைப் பார்க்கவில்லை. தலையை மெல்லத் திருப்பி, கயிற்றுப் பக்கம் தேடினார். ஏழு வருஷத்துக்கு முன் அடுப்பில் எரிந்த நோட்டு அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ஆறாவது சுற்று தொடங்கியதும் சந்திரமதி எழுந்துவிட்டாள். யோசித்து எழவில்லை. பாக்கியத்தின் பிடியை உதறியதுகூட அவளுக்குத் தெரியாது.

பொன்னுதுரை அவளைப் பார்த்தான். அந்தத் தூரத்திலும் கண்ணுக்குக் கண் பார்த்தான். பார்த்தவன் சட்டென்று குனிந்து, அவள் வாய் திறக்குமுன் தன் டேப்பை மேடையில் கவிழ்த்து வைத்தான்.

அவளைக் காப்பாற்ற வைத்தானா, அவள் குரல் வெளியே வராமல் இருக்க வைத்தானா? அவன் நிமிரவே இல்லை. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. தெங்கேராக் கூட்டம் ஜெயித்ததற்குக் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. தங்கள் ஆள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கருணாகரன் கவிழ்ந்த டேப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பின்பாட்டுக்காரன் பக்கம் கையை நீட்டினான்.

"ஏன் நிறுத்திட்ட? இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கு. நான் கேட்டது இவரை இல்லையே" என்றான்.

ஏழாவது சுற்று முழங்கத் தொடங்கியது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் அப்பா எழுந்து அவளை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களுக்கும் நடுவில் சந்திரமதி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். ஈரடியும் நாக்கு நுனிக்கு வந்திருந்தது.